மெடிக்கல் டைரக்டர் நாற்காலி யாருக்கு? நூறு படுக்கை மருத்துவமனைக்கு நான்கு வழிகள்

தமிழ்நாட்டின் மாவட்டத் தலைநகரங்களில் நூறு படுக்கையை எட்டியிருக்கும் தனியார் மருத்துவமனைகள் பலவும் ஒரே தினுசில் வளர்ந்தவை. கணவர் சர்ஜன், மனைவி மகப்பேறு மருத்துவர். பத்துப் பன்னிரண்டு படுக்கையோடு தொடங்கி, மாடிமேல் மாடி எழும்பி, ஐ.சி.யூ., டயாலிசிஸ், கேத் லேப் (இருதய ரத்தக்குழாய்ச் சிகிச்சைக் கூடம்) என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்திருக்கும். அதுவரை ‘பெரிய டாக்டர் சொன்னால் சரி’ என்பதே நிர்வாகம். என்.ஏ.பி.ஹெச். எனும் மருத்துவமனைத் தரச்சான்றுக்கு விண்ணப்பிக்கும்போதோ, வெளியூர் கன்சல்டண்டுகளின் எண்ணிக்கை இருபதைத் தாண்டும்போதோதான் மெடிக்கல் டைரக்டர் யார் என்ற கேள்வி வரும். அப்போதும் பலர் லெட்டர்ஹெட்டில் ஒரு பெயரை அச்சடித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள்.

இந்த நாற்காலியை நிரப்ப வழக்கமாக நான்கு வழிகள்: மருத்துவமனையைத் தொடங்கிய நிறுவனரே வகிப்பது, உள்ளே இருக்கும் மூத்த கன்சல்டண்டுக்குக் கொடுப்பது, மருத்துவமனை நிர்வாகம் படித்த மருத்துவரை முழு நேரமாக எடுப்பது, அரசுப் பணியில் ஓய்வு பெற்ற மருத்துவரைக் கொண்டுவருவது. ஒவ்வொன்றையும் எடைபோடுமுன் அந்த நாற்காலியில் என்ன வேலை இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும். வேலையைப் பட்டியலிடாமல் ஆளைத் தேடுவதால்தான் தேர்வு தப்பாகிறது.

முதலில் பெயர்க் குழப்பம். ஒரே மருத்துவமனையில் ‘எம்.டி.’ என்றால் பட்டமாகவும் இருக்கலாம், மேனேஜிங் டைரக்டராகவும் இருக்கலாம், மெடிக்கல் டைரக்டராகவும் இருக்கலாம். கேட்கச் சிரிப்பாக இருந்தாலும் சட்டத்தில் இது விளையாட்டல்ல. 2013 கம்பெனிச் சட்டம் சொல்லும் டைரக்டர் என்பவர் இயக்குநர் குழுவில் அடையாள எண்ணோடு உட்காருகிறவர். மெடிக்கல் டைரக்டர் என்பது வெறும் வேலைப்பெயர். இரண்டையும் ஒருவரிடமே கொடுத்தால் கட்டடம், மின்சாரம், தீயணைப்பு உட்பட எல்லாவற்றிற்கும் அவர் பொறுப்பாளி ஆகக்கூடும். 2011 டிசம்பரில் கொல்கத்தாவில் ஒரு பெரிய தனியார் மருத்துவமனை தீப்பிடித்துத் தொண்ணூறு பேர் வரை இறந்தபோது இயக்குநர்கள் கைதானார்கள். அவர்களில் மருத்துவர்களும் இருந்தார்கள். சம்பளத்துக்கு வரும் மருத்துவரைக் குழுவில் சேர்ப்பதானால் இதை அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

வேலை என்ன?

ஆஸ்பத்திரியை நடத்துவது சி.இ.ஓ. அல்லது நிர்வாக அலுவலரின் வேலை. மருத்துவம் சரியாக நடக்கிறதா என்று பார்ப்பதும், சரியில்லாத இடத்தில் நிறுத்துவதும் மெடிக்கல் டைரக்டரின் வேலை. இதில் மிகக் கனமான பகுதி, எந்த மருத்துவர் எந்தச் சிகிச்சையை இங்கே செய்யலாம் என்று அனுமதிப்பது. என்.ஏ.பி.ஹெச். மொழியில் இது பிரிவிலேஜிங்.

பல இடங்களில் இந்த அனுமதி ஒற்றை வரியில் முடிந்துவிடுகிறது: ‘பொது அறுவை சிகிச்சை — அனைத்தும்.’ அது அனுமதியே அல்ல. முறையாகச் செய்தால் ஒவ்வொரு கன்சல்டண்டுக்கும் ஒரு கோப்பு இருக்கும். மருத்துவக் கவுன்சில் பதிவு நடப்பில் இருப்பதற்கான சான்று, பட்டம் கொடுத்த நிறுவனத்திடமே சரிபார்த்த பதில், கடந்த இரண்டு ஆண்டுகளில் செய்த அறுவைகளின் எண்ணிக்கை, அவை நடந்த இடங்கள் எல்லாம் அதில் இருக்க வேண்டும். பிறகு அறுவை வாரியாகப் பட்டியல்: தானே செய்யலாம், மேற்பார்வையில் செய்யலாம், இங்கே செய்யக் கூடாது. புதிய அறுவை ஒன்றைத் தொடங்க நினைக்கும் சர்ஜனின் முதல் சில கேஸ்களை அனுபவமுள்ள இன்னொருவர் உடனிருந்து பார்த்து எழுதிக் கொடுக்க வேண்டும். இந்தப் பட்டியலின் நகல் ஓ.டி. (அறுவை அரங்கம்) இன்சார்ஜ் சிஸ்டர் கையில் இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். பட்டியலில் இல்லாத அறுவையை அவர் அன்றைய அறுவை வரிசையில் சேர்க்கக் கூடாது. ஹெச்.ஆர். பீரோவில் பூட்டிக் கிடக்கும் பட்டியல் இன்ஸ்பெக்ஷன் நாளில் மட்டும் வெளியே வரும். அதனால் நோயாளிக்கு ஒரு பயனும் இல்லை.

அடுத்தது இறப்புத் தணிக்கை. ஒவ்வொரு இறப்பின் கேஸ் ஷீட்டும் ஒரு வாரத்துக்குள் சிகிச்சையளித்தவரல்லாத இன்னொரு மருத்துவர் கையில் போக வேண்டும். மாதம் ஒருமுறை கூட்டம். ட்யூட்டி டாக்டரும் வார்டு சிஸ்டரும் வாய் திறக்காத கூட்டத்தில் வெளியே வருவது கன்சல்டண்டின் விளக்கம் மட்டுமே. இரவு இரண்டு மணிக்கு போன் போட்டும் அவர் எடுக்கவில்லை என்ற செய்தி வராது.

மூன்றாவது, கடிகாரம் ஓடும் வேலைகள். இவற்றில் தவறினால் மருத்துவம் நன்றாக இருந்தும் மருத்துவமனை மாட்டிக்கொள்ளும்.

நோயாளியோ அவர் அனுமதித்தவரோ மருத்துவ ஆவணம் கேட்டால், 2002 மருத்துவ நடத்தை விதிகளின்படி 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். நுகர்வோர் ஆணைய நோட்டீஸ் கிடைத்த நாளிலிருந்து 30 நாளில் பதில். ஆணையம் மனம் வைத்தால் இன்னும் 15 நாள். அதற்கு மேல் இல்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு தெளிவாகச் சொல்லிவிட்டது. கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் பி.சி.பி.என்.டி.டி. சட்டப்படி ஸ்கேன் மையத்தின் மாத அறிக்கை ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதிக்குள் போக வேண்டும். அங்கே பணியாளரோ இயந்திரமோ மாறப்போகிறது என்றால் 30 நாள் முன்னதாகவே தெரிவிக்க வேண்டும். சுத்திகரிக்காத மருத்துவக் கழிவு 48 மணி நேரத்துக்கு மேல் வளாகத்தில் இருக்கக் கூடாது. ஆண்டறிக்கை ஜூன் 30-க்குள். முப்பதும் அதற்கு மேலும் படுக்கை உள்ள மருத்துவமனைகளில் கழிவு மேலாண்மைக் குழு ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும். கருக்கலைப்புச் சட்டத்தின் கீழான மாதாந்திரப் படிவம் தனி. இவற்றில் பாதியைக் கிளார்க்கே தயாரித்துவிடுவார். ஆனால் பெரும்பாலானவற்றில் ஒரு மருத்துவரின் கையெழுத்து நிற்கிறது. படிக்காமல் போடும் கையெழுத்துக்கும் அதே பொறுப்புதான்.

மூளைத்தண்டுச் சாவை அறிவிக்கும் நடைமுறையை இங்கே தனியாகச் சொல்ல வேண்டும். 1994 உறுப்பு மாற்றுச் சட்டப்படி சான்றளிக்கும் நால்வரில் முதலாமவர் ‘மருத்துவமனைப் பொறுப்பிலுள்ள பதிவுபெற்ற மருத்துவர்’. நடைமுறையில் அது மெடிக்கல் டைரக்டர். அங்கீகரிக்கப்பட்ட பட்டியலிலிருந்து ஒரு சிறப்பு மருத்துவரையும், நரம்பியல் மருத்துவர் அல்லது நரம்பியல் சர்ஜனையும் நியமிப்பவர் அவரே. நான்காமவர் நோயாளிக்குச் சிகிச்சையளிப்பவர். பரிசோதனை குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இருமுறை நடக்க வேண்டும். உறுப்பு மாற்றுக் குழுவில் இருப்பவர் யாரும் இந்த நால்வரில் இருக்கக் கூடாது. ஆகவே உங்கள் டைரக்டர் சிறுநீரக மாற்றுச் சர்ஜனாக இருந்தால் இங்கே கையெழுத்திட முடியாது. ஐ.சி.யூ. மருத்துவராக இருந்து அந்த நோயாளியைத் தானே பார்த்துக்கொண்டிருந்தால் இரண்டு இடத்தில் ஒருவரே நிற்க முடியாது. இரண்டு நிலைக்கும் துணை டைரக்டர் ஒருவரை முன்பே எழுத்தில் நியமித்து வைத்திருக்க வேண்டும். நள்ளிரவில் உறவினர்கள் உறுப்பு தானத்துக்குச் சம்மதித்த பிறகு இதை யோசிக்க நேரம் இருக்காது.

இனி நேரக் கணக்கு. முந்தைய இரவின் அறிக்கையைக் காலையில் பார்ப்பது தினம் அரைமணி, ஐ.சி.யூ., எமர்ஜென்சி, ஒரு வார்டு என்று சுற்றுவது தினம் ஒரு மணி. வாரம் இருபது கேஸ் ஷீட்டைப் பொறுக்கி எடுத்துத் தணிக்கை செய்வது மூன்று மணி. புகார்கள், இன்சூரன்ஸ் மறுப்புகள், கமிட்டிகள், கன்சல்டண்டுகளோடு பேச்சு ஆகியவற்றுக்கு எட்டு, பத்து மணி. வாரம் ஆறு நாள் என்று கூட்டிப் பார்த்தால் நூறு படுக்கைக்கு வாரம் இருபதிலிருந்து இருபத்திரண்டு மணி நேரம் வருகிறது. ‘மாலையில் அரைமணி வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறேன்’ என்பவரால் இது ஆகாது.

முதல் வழி: நிறுவனரே

ஐம்பது படுக்கைக்குக் கீழே என்றால் இதைவிட நல்ல வழி இல்லை. செலவு கிடையாது, சொன்ன சொல் அன்றே நடக்கும், ஊருக்கும் காவல் நிலையத்துக்கும் தெரிந்த முகம். ஒரு வென்டிலேட்டர் வாங்குவதா, ஒரு கன்சல்டண்டை நிறுத்துவதா என்பதைக் கேட்டு முடிவெடுக்க மேலே ஆளில்லை.

நூறைத் தாண்டும்போது மூன்று இடத்தில் இடிக்கிறது. காலை எட்டிலிருந்து பிற்பகல் மூன்று வரை ஓ.டி.யில் நிற்கும் சர்ஜனுக்கு மேலே சொன்ன இருபது மணி நேரம் எங்கிருந்து வரும்? நோட்டீஸ் கவர் மேசையில் கிடந்து முப்பது நாள் கழிவது இப்படித்தான். இரண்டாவது, அவருடைய கேஸிலோ டாக்டரம்மாவின் பிரசவத்திலோ பிரச்சினை வந்தால் தணிக்கை செய்வது யார்? சம்பளம் வாங்கும் மருத்துவர் முதலாளியின் மனைவியைப் பற்றி எழுத மாட்டார். பிரசவத்தில் நேரும் தாய்மரணத்தை மாவட்ட அளவில் அரசே தணிக்கை செய்யும் என்பதால், உள்ளே மழுப்பியது அங்கே வெளிப்படும். மூன்றாவது, அவர்தான் வங்கிக் கடனுக்கும் கையெழுத்துப் போட்டவர். கேத் லேப் தவணை ஓடும்போது, ‘இந்த ஆஞ்சியோ தேவைதானா’ என்ற கேள்வியை அவரே அவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இந்த வழியைத்தான் எடுப்பீர்கள் என்றால் ஒரு நிபந்தனையாவது வையுங்கள்: நிறுவனர் குடும்பத்து மருத்துவர்களின் இறப்பு, புகார் இரண்டையும் வேறு ஊர் மருத்துவர் ஒருவர் காலாண்டுக்கு ஒருமுறை வந்து பார்க்கட்டும். கட்டணம் பெரிதாக இருக்காது. சங்கடம் பெரிதாக இருக்கும். அதைத் தாங்கித்தான் ஆக வேண்டும்.

இரண்டாவது வழி: உள்ளே இருக்கும் மூத்தவர்

மற்ற மருத்துவர்கள் மதிக்கும் ஒருவர். மருத்துவமனையின் சந்து பொந்தெல்லாம் தெரிந்தவர். பெரும்பாலான இடங்களில் இது இயல்பான தேர்வு. ஆனால் ‘மூத்தவர்’ என்பதை மட்டும் பார்த்து எடுப்பது தவறு. எந்தத் துறைக்காரர் என்பதே இங்கே பாதி முடிவு.

அதிக வருமானம் கொண்டுவரும் இருதய மருத்துவரையோ எலும்பு சர்ஜனையோ உட்காரவைத்தால், ஓ.டி. நேரம் பிரிப்பதிலிருந்து இம்ப்ளான்ட் வாங்குவது வரை ஒவ்வொரு முடிவிலும் அவர் ஒரு கட்சிக்காரர். நேர்மையாகவே நடந்தாலும் மற்றவர்கள் நம்ப மாட்டார்கள். பொது மருத்துவம் படித்தவர் பரவாயில்லை. ஆனால் அவருக்கு ஓ.பி. நீளும், பதினொரு மணிக் கூட்டத்துக்கு ஒருநாளும் வந்து சேர மாட்டார். ரேடியாலஜிஸ்ட், பேத்தாலஜிஸ்ட் ஆகியோரிடம் நடுநிலை இருக்கும். நேரமும் கொஞ்சம் இருக்கும். நோயாளியின் உறவினர் கூட்டம் எமர்ஜென்சி வாசலில் நிற்கும்போது முன்னால் போய்ப் பேசும் பழக்கம் இருக்காது.

எங்கள் தேர்வு மயக்க மருத்துவர் அல்லது ஐ.சி.யூ. மருத்துவர். எல்லா சர்ஜனின் கையையும் மயக்க மருத்துவர் தினமும் பார்க்கிறார். யார் ரத்தப்போக்கில் பதறுவார், யார் நேரத்துக்கு வர மாட்டார், யார் சம்மதப் படிவத்தை ஓ.டி. வாசலில் நிரப்புவார் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். தனக்கென்று அட்மிஷன் இல்லாததால் படுக்கைக்குப் போட்டியும் இல்லை. 2008-இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் சம்மதம் பற்றிச் சொன்னதை — ஒரு சிகிச்சைக்கு வாங்கிய சம்மதம் இன்னொன்றுக்குச் செல்லாது — நடைமுறையில் காப்பாற்றக்கூடிய இடத்தில் நிற்பவரும் அவர்தான்.

இதிலும் ஒரு கண்ணி உண்டு. கேஸ் கணக்கில் பணம் வாங்கும் மயக்க மருத்துவரை, ‘எனக்கு இவர்தான் வேண்டும்’ என்று தேர்ந்தெடுப்பவர் சர்ஜன். காலையில் அந்தச் சர்ஜனைக் கண்டித்துவிட்டு மாலையில் அவர் கேஸுக்காகக் காத்திருக்க முடியாது. ஆகவே டைரக்டர் ஆகுமுன் மயக்க மருத்துவரை நிலைச் சம்பளத்துக்கு மாற்ற வேண்டும். மயக்க மருத்துவர்களை ரோஸ்டர்படி ஒதுக்கும் முறையையும் கொண்டுவர வேண்டும். நேரத்தில் பாதியை எழுத்திலேயே விடுவிக்க வேண்டும். வருமானம் குறையாமல் வேலையைக் குறைத்தால் மட்டுமே இந்த வழி ஓடும். வேலையைக் குறைக்காமல் பதவியை மட்டும் கொடுத்தால் மூன்றாவது மாதமே அவர் ஓ.டி.க்குத் திரும்பிவிடுவார், லெட்டர்ஹெட்டில் பெயர் மட்டும் இருக்கும்.

மூன்றாவது வழி: நிர்வாகம் படித்த மருத்துவர்

பட்டங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் விண்ணப்பங்களில் எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். எம்.பி.பி.எஸ்.ஸுக்குப் பிறகு மூன்று ஆண்டு படிக்கும் எம்.டி. மருத்துவமனை நிர்வாகம் ஒரு முழு மருத்துவ முதுநிலைப் பட்டம். டெல்லி எய்ம்ஸ், புனே ராணுவ மருத்துவக் கல்லூரி போன்ற மிகச் சில இடங்களில்தான் அது இருக்கிறது. தேசியத் தேர்வு வாரியத்தின் முதுநிலைத் தகுதியான டி.என்.பி.யிலும் இந்தத் துறை உண்டு. மும்பை டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் போன்றவற்றின் எம்.ஹெச்.ஏ. (மருத்துவமனை நிர்வாக முதுநிலைப் பட்டம்) இரண்டாண்டுப் படிப்பு, மருத்துவரல்லாதவர்களும் சேரலாம். இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் மருத்துவமனை நிர்வாக முதுநிலை டிப்ளமோ, வேலையில் இருக்கும் மருத்துவர்கள் தொலைவழியில் படிப்பது. எம்.பி.ஏ.வைக் கணக்கில்லாத கல்லூரிகள் கொடுக்கின்றன.

கடைசி மூன்றில் எதையும் தாழ்த்திச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் மருத்துவர் அல்லாத எம்.ஹெச்.ஏ. பட்டதாரி எவ்வளவு திறமையானவராக இருந்தாலும் சி.இ.ஓ. ஆகலாம், மெடிக்கல் டைரக்டர் ஆகக் கூடாது. உறுப்பு மாற்றுச் சட்டம் கேட்கும் பதிவுபெற்ற மருத்துவர் அவரல்ல என்பது ஒரு காரணம். சக மருத்துவரின் சிகிச்சை முடிவைத் தணிக்கை செய்ய அவரால் முடியாது என்பது இன்னும் பெரிய காரணம். என்.ஏ.பி.ஹெச். தன் பத்து அத்தியாயங்களில் நிர்வாகப் பொறுப்புக்கென்றே ஒன்றை வைத்து, தலைமை வகிப்பவருக்கு உரிய நிர்வாகத் தகுதி வேண்டும் என்கிறது. அது நிறுவனத் தலைவரைப் பற்றியது. அதைப் படித்துவிட்டு, ‘எம்.பி.ஏ. இருந்தால் போதும்’ என்று மெடிக்கல் டைரக்டரைத் தேடுவது இரண்டு நாற்காலியை ஒன்றாக்கும் குழப்பம்.

இவர்களுடைய பலம் முறைமை. தொற்று விகிதம், மறு அறுவை, மருந்துப் பிழை, டிஸ்சார்ஜ் தாமதம் எல்லாவற்றையும் அளந்து மாத அட்டவணையில் வைப்பார்கள். சான்றுக்கான வேலை அரை ஆண்டில் உருப்பெறும். பலவீனம், கன்சல்டண்ட் அறையில் தெரியும். முப்பத்தைந்து வயதுக்காரர் ஐம்பத்தைந்து வயது சர்ஜனிடம் போய் ஆன்டிபயாடிக் ஏன் ஏழு நாள் என்று கேட்டால், ‘நீங்க கடைசியா நோயாளியைத் தொட்டது எப்போ தம்பி?’ என்று பதில் வரும். அதன் பிறகு அவர் அட்டவணை போடுபவராகச் சுருங்கிப்போவார். இவரை டைரக்டராக எடுப்பதைவிட, முழுநேரத் துணை டைரக்டராகவோ மெடிக்கல் சூப்பரின்டெண்டெண்டாகவோ எடுத்து, மூத்த மருத்துவர் ஒருவரின் நிழலில் மூன்று ஆண்டு வளரவிடுவது நல்லது. இருநூறு படுக்கைக்கு மேல், துறைத் தலைவர்கள் தனித்தனியாக இருக்கும் இடமென்றால் இவரே நேராக டைரக்டராக வரலாம். அங்கே அதிகாரத்தை வயதைவிடக் கமிட்டிகளே சுமக்கின்றன.

நான்காவது வழி: அரசுப் பணி முடித்தவர்

தமிழ்நாட்டு அரசுப் பணியில் ஓய்வு வயது இப்போது 60. அந்த வயதில் வெளியே வரும் மருத்துவர் குறைந்தது ஐந்தாறு ஆண்டு நன்றாக வேலை பார்ப்பார். ஏ.ஆர். காப்பி (விபத்துப் பதிவேட்டு நகல்) எழுதுவதில் தவறு வராது. பிரேதப் பரிசோதனைக்கு எதை அனுப்ப வேண்டும், எதை அனுப்பத் தேவையில்லை என்பதில் தடுமாற்றம் இருக்காது. முதல்வரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் எந்தக் கோப்பு ஏன் திரும்பும் என்று தெரியும். வாசலில் கூட்டம் கூடினால் பதற மாட்டார். மருத்துவமனை வன்முறைக்கு எதிரான 2008-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டத்தைக் குறிப்பிட்டுப் புகார் எழுதவும் தெரிந்திருக்கும்.

டீனாக ஓய்வு பெற்றவரைவிட ஆர்.எம்.ஓ.வாக (உறைவிட மருத்துவ அலுவலர்) நீண்ட நாள் இருந்தவர் இந்த வேலைக்குப் பொருந்துவார் என்பது பலர் யோசிக்காத விஷயம். டீனைச் சுற்றி ஒரு அலுவலகமே இயங்கும். ஆர்.எம்.ஓ.தான் ட்யூட்டி ரோஸ்டர், ஆக்ஸிஜன், பிணவறை, கான்ட்ராக்ட் தூய்மைப் பணியாளர் எல்லாவற்றோடும் மல்லாடியவர். பெரிய பதவியின் பெயரைப் பலகையில் போட ஆசைப்பட்டு டீனை எடுப்பவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

பிரச்சினை எங்கே வருகிறது? அரசில் அவருடைய சொல்லுக்குப் பின்னால் மெமோவும் டிரான்ஸ்ஃபரும் இருந்தன. தனியாரில், கண்டிக்கப்பட்ட சர்ஜன் அடுத்த திங்கட்கிழமை எதிர்த் தெரு மருத்துவமனையில் உட்கார்ந்திருப்பார், நோயாளிகளோடு. கட்டளையால் நடந்ததைப் பேச்சால் நடத்தக் கற்றுக்கொள்ள ஓராண்டு ஆகும். சிலர் கற்பதே இல்லை. அரசு மருத்துவமனைகளின் தரச்சான்றான என்.க்யூ.ஏ.எஸ். வேலையைச் செய்தவர் என்றால் என்.ஏ.பி.ஹெச். பிடிபடும், அந்தப் பக்கமே போகாதவர் என்றால் துணைக்கு ஆள் வேண்டும். மருத்துவமனைகள் செய்யும் தவறு ஒன்றும் உண்டு. அவரை ஜே.டி. (சுகாதார இணை இயக்குநர்) ஆபீசுக்கும் கலெக்டர் ஆபீசுக்கும் காரியம் முடிக்க அனுப்பும் ஆளாக்கிவிடுகிறார்கள். அதற்கு மெடிக்கல் டைரக்டர் தேவையில்லை. அந்த வேலைக்குச் சம்மதிக்கிறவரிடம் தணிக்கையும் எதிர்பார்க்க முடியாது.

அப்படியென்றால் எது?

நூறிலிருந்து நூற்றைம்பது படுக்கை வரை: உள்ளிருக்கும் மயக்க மருத்துவரோ ஐ.சி.யூ. மருத்துவரோ பாதி நேரம். அவருக்குக் கீழே நிர்வாகம் படித்த இளம் மருத்துவர் முழு நேரம். இரண்டு சம்பளம் ஆகிறதே என்றால், தனித்தனியாக எடுத்துப் பாருங்கள். முழுநேரம் தனியாக எடுக்கும் மூத்த நிர்வாகியின் சம்பளம் இவ்விருவரின் கூட்டுச் செலவுக்குப் பக்கத்தில்தான் வரும். அப்படிப்பட்ட உள்ளாள் கிடைக்காவிட்டால் ஆர்.எம்.ஓ. அனுபவமுள்ள ஓய்வு பெற்றவர் அடுத்த தேர்வு. நிறுவனரே தொடர்வது மூன்றாவது. எங்கோ பெருநகரத்தில் இருக்கும் பிரபல மருத்துவரின் பெயரை வாங்கிப் போட்டு, அவர் மாதம் ஒருமுறை வந்துபோவது தேர்விலேயே இல்லை.

நேர்காணலில் பட்டங்களைப் பற்றிக் கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். அவற்றைக் கவுன்சில் பதிவேட்டில் பார்த்துக்கொள்ளலாம். சூழ்நிலையைச் சொல்லிக் கேளுங்கள். உங்கள் வருமானத்தில் பெரும்பங்கு கொண்டுவரும் சர்ஜன், பட்டியலில் இல்லாத அறுவையை நாளை காலைக்குப் போட்டிருக்கிறார். நோயாளி அட்மிட் ஆகிவிட்டார். என்ன செய்வீர்கள்? ‘முதலாளியிடம் கேட்பேன்’ என்பவரை அங்கேயே விட்டுவிடலாம். ‘ரத்து செய்வேன்’ என்று உடனே சொல்பவரும் முழுசாக யோசிக்கவில்லை. நோயாளிக்கு அவசரமா, மேற்பார்வைக்கு அனுபவமுள்ளவர் கிடைப்பாரா, தள்ளிப்போட்டால் ஆபத்தா என்று கேட்டுவிட்டு, அதன் பிறகு நிறுத்துபவரே வேண்டும். இன்னொன்று: ஒரு மரணத்துக்குப் பிறகு உறவினர்கள் சத்தம் போடுகிறார்கள், கேஸ் ஷீட்டில் இரவுக் குறிப்பு எழுதப்படவில்லை. சரியான பதிலில் முதல் வேலை, ஆவணத்தை அப்படியே நகலெடுத்துப் பத்திரப்படுத்துவது. விடுபட்டதை எழுதலாம், ஆனால் எழுதும் தேதி, நேரத்தோடு ‘தாமதமாக எழுதியது’ என்று குறித்துத்தான். பின்தேதியிட்டு நுழைத்த நான்கு வரி, தற்காத்துக்கொள்ளக்கூடிய வழக்கையும் தோற்கடித்துவிடும். கிரிமினல் வழக்கு வந்தாலும் அப்படித்தான்: 2005-இல் ஜேக்கப் மேத்யூ தீர்ப்பு மருத்துவர்களுக்குக் கொடுத்த பாதுகாப்பும், 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவு மருத்துவருக்கு வைத்த இரண்டாண்டுச் சிறை உச்சவரம்பும், அலட்சியத்தைப் பற்றியவை. ஆவணத்தைத் திருத்துவது வேறு குற்றம்.

ஆளைத் தேர்ந்த பிறகு ஒப்பந்தம். இங்கே ஐந்தாறு வரிகள்தான் அவருக்குப் பல் கொடுப்பவை. அவர் சி.இ.ஓ.வுக்கு மட்டும் கீழ்ப்பட்டவராக இல்லாமல் இயக்குநர் குழுவிடம் நேராகப் பேசும் உரிமை வேண்டும். நோயாளிக்கு ஆபத்து என்று தோன்றினால் எந்த மருத்துவரின் எந்த அனுமதியையும் விசாரணை முடியும்வரை அவரே நிறுத்தி வைக்கலாம் என்று எழுதியிருக்க வேண்டும்; அந்த மருத்துவர் குழுவிடம் முறையிடும் வழியும் அதிலேயே இருக்க வேண்டும். சம்பளத்தில் வருமானத்தைச் சார்ந்த ஊக்கத்தொகை ஒரு ரூபாய்கூட இருக்கக் கூடாது. படுக்கை நிரம்புவதற்குப் பணம் வாங்குபவர் தேவையற்ற அட்மிஷனைத் தணிக்கை செய்ய மாட்டார். தன் கேஸ், தன் குடும்பத்தார் கேஸ் என்றால் விலகிக்கொள்ளும் பிரிவு தேவை. பதவிக்காலம் மூன்று ஆண்டு, இரு பக்கமும் மூன்று மாத நோட்டீஸ்.

இன்சூரன்ஸைப் பலர் மறக்கிறார்கள். மருத்துவர் தனக்காக எடுத்திருக்கும் இண்டெம்னிட்டி (தொழில் பொறுப்பு) பாலிசி அவர் கொடுக்கும் சிகிச்சையைத்தான் பொதுவாகக் காக்கும். தகுதியில்லாதவரை அனுமதித்தார், புகாரைக் கிடப்பில் போட்டார் என்று நிர்வாக முடிவின்மீது வரும் வழக்கை அது காக்காமல் போகலாம். மருத்துவமனையின் பாலிசியில் மெடிக்கல் டைரக்டர் என்ற பதவியின் நிர்வாகச் செயல்களும் அடங்குகின்றனவா என்று இன்சூரன்ஸ் கம்பெனியிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

பதவியேற்ற அன்றே ஒரு தாளில் அவர் பெயர் எங்கெல்லாம் பதிவாகிறது என்று எழுதி வையுங்கள்: மருத்துவமனைப் பதிவு, ஸ்கேன் மையம், கருக்கலைப்பு மையம், உறுப்பு மாற்று அனுமதி, மருத்துவக் கழிவு அங்கீகாரம், எக்ஸ்ரே உரிமம், மார்ஃபின், ஃபென்டானில் போன்ற மருந்துகளை வைத்திருப்பதற்கான அங்கீகாரம், ரத்த வங்கி இருந்தால் அதுவும். எல்லாவற்றிலும் அவர் பெயர்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. எதில் இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். மூன்று ஆண்டு கழித்து அவர் விலகும்போது அதே தாளை எடுத்து ஒவ்வொன்றாக மாற்றி, மாற்றியதற்கான ஒப்புகையை இணைத்த பிறகே கணக்கை முடித்து அனுப்ப வேண்டும். ஸ்கேன் மையத்துக்கு 30 நாள் முன்னறிவிப்பு தேவை என்பதால், இந்த வேலை கடைசி வாரத்தில் அல்ல, ராஜினாமாக் கடிதம் வந்த வாரத்திலேயே தொடங்குகிறது.